கோழிகளுக்கு சீட் போட்டவர்

என் சித்தப்பா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத்தான் பார்ப்பார். "வாங்க, உக்காருங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கையால் அதை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்துவிடுவார். ஆடினால் போச்சு! வந்த வேலை மறந்துவிடும், சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்துவிடும். பல் டாக்டரிடம் போன இடத்தில், நோயாளி உட்காரும் நாற்காலியின் கைப்பிடியை முறுக்கிச் சரிசெய்துவிட்டு, பல்லைக் காட்டாமலேயே வீட்டுக்கு வந்த மனிதர் அவர். ஏன் என்று கேட்டால், "அந்தக் கைப்பிடிய பாத்ததுல பல்லு வலி மறந்துருச்சு" என்றார்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் ஃபிட்டர் வேலை. பட்டறையில் அவருக்கு 'சீட்டண்ணன்' என்று பேர். இந்த ஊரில் ஓடுகிற பஸ்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. எங்காவது நின்றுகொண்டு பயணம் செய்யும்போது மேலே இருக்கும் கம்பி உங்கள் கைக்கு அளவாக இருந்தால், சீட்டில் உட்காரும்போது முட்டி முன்சீட்டில் இடிக்காமல் இருந்தால், அது பெரும்பாலும் அவர் வேலையாகத்தான் இருக்கும். ஊரையே உட்கார வைத்த மனிதர். ஆனால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாடு கூட ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டுதான். "உக்காந்தா சீட்டுல இருக்கிற குறையெல்லாம் தெரியும்டா. சோறு எறங்காது" என்பார்.

சித்திக்கு இதைப் பற்றி ஒரு கதை உண்டு. யார் வந்தாலும் சொல்லுவார்.

"கல்யாணத்தன்னிக்கு மேடையில ரெண்டு பெரிய நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. என் நாற்காலி கொஞ்சம் ஆடிச்சு. அவ்வளவுதான்! மாப்பிள்ளை சட்டையோட மனுஷன் கீழ குனிஞ்சுட்டாரு. நாற்காலிக் காலப் பிடிச்சு முறுக்குறாரு. கீழ இருந்தவங்களுக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை பொண்ணு கால்ல விழறாருன்னு ஒரே கைதட்டு!"

சித்தப்பா இதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லுவார். "நட்டு லூசா இருந்துச்சு."

சரி, கோழிக்கு வருகிறேன்.

சித்தி துணித் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தவர். காலையில் போனால் சாயங்காலம் வரை நின்றுகொண்டே இஸ்திரி போட வேண்டும். அங்கே ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் வேகம் குறையுமாம். வீட்டுக்கு வரும்போது பாதம் இரண்டும் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருக்கும். சித்தப்பா வாளியில் வெந்நீர் கொண்டு வந்து வைப்பார். ஊருக்கெல்லாம் சீட் போடுகிறவரின் மனைவிக்கு நிற்கிற வேலை! அந்த நேரத்தில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு என்னவோ செய்யும்.

ஒருநாள் சித்தி நீண்ட லீவு போட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையைக் கூட்டினார். முட்டைக் கோழி வளர்க்கப் போகிறாராம். பழுப்பு நிறத்தில், முட்டையிடும் பருவத்துக்கு வந்த பெட்டைகளாகவே வாங்கி வந்தார். சுவரோரம் வரிசையாக முட்டையிடும் பெட்டிகள், உள்ளே வைக்கோல். கோழிகளும் நன்றி கெட்டவை அல்ல. வந்த வேகத்தில் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. தெருமுனை பேக்கரிக்காரம்மா மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. தொழிற்சாலை சூப்பர்வைசரோ, மாதக் கடைசி வரை இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள இது நிலைச்சு நின்னுச்சுன்னா நான் திரும்பிப் போக வேண்டாம்" என்றார் சித்தி. அவருடைய டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்தபடி இருந்தது. போவதா இருப்பதா என்று அதுவும் காத்துக்கொண்டிருந்தது போல.

அப்போதுதான் பேக்கரிக்காரம்மா ஒரு தட்டு முட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இது முட்டையா, இல்ல சேத்துல பொறுக்கின கல்லா?"

முட்டை மேலெல்லாம் எச்சம் அப்பிக் காய்ந்திருந்தது.

"கழுவிக் குடுத்துடறேன்க்கா."

"கழுவுனா ரெண்டு நாள் தாங்காது. எனக்குத் தெரியாதா? சுத்தமா போட்டதா இருக்கணும். உனக்காக மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆளு. கோச்சுக்காத, எனக்கும் கடை இருக்கு."

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. முட்டைத் தட்டை வாங்கிக்கொண்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையை சித்தப்பா கவனித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்று கவனித்தார்கள். காரணம் கண்ணெதிரேயே இருந்தது. வெளிச்சம் மங்க மங்கக் கோழிகள் ஒவ்வொன்றாகப் போய் முட்டையிடும் பெட்டிக்குள் புகுந்துகொண்டன. ஒரு பெட்டிக்குள் மூன்று, நான்கு. அங்கேயே தூக்கம், அங்கேயே எச்சம். காலையில் அதன் மேலேயே முட்டை. இடம் கிடைக்காதவை கொட்டகை மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன.

"பாவம், உக்கார இடமில்ல!" என்றார் சித்தப்பா. குரல் உடைந்தே போயிற்று. "கோழின்னா மேல ஏறித்தானே அடையும்? நாம ஒரு கம்பு கூட வைக்கலயே. எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டு சீட் போட மறந்துட்டோம்!"

"இப்ப போடுங்க."

"போடுறேன் பாரு! இந்த ஊர்ல எந்தக் கோழிக்கும் இல்லாத மாதிரி போடுறேன்!"

போட்டார். ஐயோ, அது எப்படி இருந்தது தெரியுமா! பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் நண்பர் ஒருவர் உண்டு, எல்லோரும் 'பொறி' என்று கூப்பிடுவார்கள். அவரையும் அழைத்து வந்து, பஸ்ஸுக்குப் போடும் பளபளப்பான எவர்சில்வர் குழாய்களை வளைத்து, படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் காலரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். முன்வரிசை தாழ்வு, பின்வரிசை உயரம். எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டுமாம்! துணியால் துடைத்து மெருகேற்றியதில் கொட்டகையே மின்னியது.

"அண்ணே, இதுல எனக்கே உக்காரணும் போல இருக்கு" என்றார் பொறி.

"பயணிங்க வரட்டும்டா."

பயணிகள் வந்தார்கள். வந்தவர்களில் முக்கியமானவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் இறகு கொஞ்சம் உதிர்ந்த ஒரு பெட்டை. கூட்டம் எங்கிருந்தாலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லோரையும் தள்ளிக்கொண்டே போகும். வழிவிடாதவர்களுக்குத் தலையில் ஒரு கொத்து. சித்தி அதற்கு 'கண்டக்டர்' என்று பேர் வைத்திருந்தார்.

கண்டக்டர் தாவி ஏறியது. நேரே உச்சிக் கம்பிக்கு. பின்னாலேயே ஏறிய ஏழெட்டும் அதே உச்சிக் கம்பிக்குத்தான் முண்டியடித்தன. கீழ்வரிசைகள் காலி. மேலே ஒரே தள்ளுமுள்ளு, கொத்து, கூச்சல். நகங்கள் குழாயில் வழுக்கின. ஒன்று முன்பக்கம் சாய்ந்து, இறக்கையை அடித்து நிமிர்ந்து, பின்பக்கம் சாய்ந்தது. ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. கடைசியில் கீழ்வரிசையில் போனால் போகிறது என்று உட்கார்ந்த ஒரே ஒரு அப்பாவியின் முதுகில் மேலிருந்து பொத்தென்று எச்சம் விழுந்தது.

பொறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே! ஏசி பஸ்ஸுன்னு கூட்டிட்டு வந்து மேல் பெர்த்துல இருந்து தண்ணி ஊத்துறாங்களே அண்ணே!"

சித்தப்பா சிரிக்கவில்லை. உச்சியிலிருந்து ஒரு கோழி நேராகத் தரையில் விழுந்து நொண்டிக்கொண்டு போனது. மற்றவையும் இறங்கி, பழையபடி பெட்டிக்குள் நுழைந்துகொண்டன.

சித்தி நொண்டிய கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காலைத் தடவினார். ஒன்றும் முறியவில்லை. அப்படியே கையை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"என்னங்க, இங்க தொட்டுப் பாருங்க. நடுவுல ஒரு எலும்பு, கத்தி முனை மாதிரி. இது நின்னுக்கிட்டு தூங்காது. நெஞ்ச வெச்சு, மொத்த உடம்பையும் எறக்கி உக்காரும். இந்த எலும்ப கொண்டு போய் உங்க குழாய் மேல வெச்சா என்னத்துக்கு ஆகும்?"

சித்தப்பா தொட்டுப் பார்த்தார். பிறகு காலரியைப் பார்த்தார். அப்புறம் தன் உள்ளங்கையை விரித்து, மூடி, விரித்து... அந்தக் கொட்டகையில் அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே!

"நான் சீட் போடல" என்றார். "கைப்பிடி போட்டிருக்கேன். நின்னுக்கிட்டு போறவன் புடிச்சுக்கிற கம்பிய உக்கார்றவளுக்குப் போட்டிருக்கேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல..."

"சரி சரி. அழுவாதீங்க. கழட்டுங்க."

கழற்றினார். ஆனால் அடுத்ததை உடனே கட்டவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பஸ்ஸுக்கு சீட் அளவெடுப்பது போலக் கோழிகளுக்கு அளவெடுக்க ஆரம்பித்தார்! தீனித் தொட்டியில் அவை தோளோடு தோள் நின்று கொத்தும்போது, தொட்டி விளிம்பில் ஆளுக்கு ஆள் சாக்பீஸால் கோடு போட்டார். "இதான் ஒரு டிக்கெட்டுக்கு எடம். இதுக்குக் கொறைச்சா சண்டை." சுவரோரம் படுத்திருந்த கோழியின் வால் சுவரில் உரசி மடங்குவதைப் பார்த்து, சுவருக்கும் கம்புக்கும் நடுவே எவ்வளவு விட வேண்டும் என்று முடிவு செய்தார். ஈரமாவைத் தரையில் பரப்பி அதில் கோழிப் பாதம் பதிய வைத்து, விரல் எவ்வளவு தூரம் விரிகிறது என்று குனிந்து பார்த்தார். மாவு வீணானதற்கு சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

புது சீட் மரத்தில் வந்தது. மூன்று விரல் அகலச் சட்டம். மேல்பக்கம் தட்டை, நெஞ்சை இறக்கி வைக்க. இரண்டு ஓரமும் மழுங்க உருட்டி, விரல் வளைந்து பிடிக்க. வார்னிஷ் கிடையாது. இழைப்பில்கூட முழு வழவழப்பு வராமல் நிறுத்திக்கொண்டார். எல்லாச் சட்டமும் ஒரே உயரம். "மேல் சீட்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சண்டை வரும்? எல்லாமே ஜன்னல் சீட்!" முட்டைப் பெட்டியைவிட உயரமாக, ஆனால் விழுந்தால் அடிபடாத அளவுக்கு. ஏறவும் இறங்கவும் குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகை. கீழே எச்சத்தைப் பிடித்துக்கொள்ள, இழுத்துக் கழுவும் தட்டு. பெட்டிகளின் மேல் தளத்தையும் சரிவாக்கிவிட்டார், அங்கே போய் யாரும் குடித்தனம் வைக்கக் கூடாதென்று.

பொறி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிண்டல் செய்ய ஒன்றும் அகப்படவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

சாயங்காலம் ஆயிற்று. கோழி அடையும் நேரம். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். கோழிகள் வந்தன. புதுச் சட்டங்களுக்குக் கீழாக நடந்தன. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தன. நேராகப் போய்ப் பெட்டிக்குள் புகுந்துகொண்டன.

ஒன்றுகூட ஏறவில்லை. கண்டக்டர்கூட.

"பஸ்ஸு ரெடி" என்றார் பொறி, ரொம்ப மெதுவாக. "பயணிங்கதான்..."

"வாய மூடுறா."

அடுத்த நாளும் அதே கதை. மாதக் கடைசி பக்கத்தில் வந்துவிட்டது. அலமாரியில் கவிழ்ந்திருந்த டிபன் பாக்ஸ் நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்த சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். கொட்டகைச் சட்டத்தைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடவே இல்லை. அதுதான் பிரச்சினை; சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.

சித்திதான் கோழி வாங்கிய இடத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, உங்க கிட்ட இருந்தப்போ இதுங்க எங்க தூங்குச்சு?"

"எங்கன்னா? தரையிலதான். குஞ்சுல இருந்தே உமி மேல. ஏம்மா?"

"கம்பு கிம்பு?"

"அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா. கூட்டறதுக்கு எடைஞ்சலா இருக்கும்."

போனை வைத்துவிட்டு சித்தி சித்தப்பாவிடம் திரும்பினார். "கேட்டீங்களா? உங்க சீட்டுல குத்தமில்ல. அதுங்க பொறந்ததுல இருந்து பஸ்ஸையே பாத்ததில்ல. மொத தடவ ஏதோ பளபளன்னு இருக்கேன்னு ஏறிச்சு, வழுக்கி விழுந்ததுல அந்த ஆசையும் போச்சு. சின்னதுல ஏறிப் பழகலன்னா வளந்தப்புறம் எப்படித் தெரியும்? நாமதான் கையப் புடிச்சு ஏத்தி விடணும்."

அன்று சாயங்காலம் சித்தி பெட்டிகளின் வாயைச் சாக்கால் மூடினார். பிறகு இரண்டு பேருமாகக் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சட்டத்தில் வைத்தார்கள். வைத்த கோழி குதித்தது. மறுபடி தூக்கி வைத்தார்கள். அது மறுபடி குதித்தது. இந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பக்கம் இரண்டு கீழே. சித்தப்பாவின் தலையில் இறகு, காதில் உமி. சித்தியோ சிரித்துச் சிரித்துக் கையில் இருந்த கோழியையே விட்டுவிட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க! உள்ள போங்க! நடுவுல எடம் இருக்கு பாருங்க!" என்று சித்தப்பா கத்தினார். சத்தியமாக அப்படித்தான் கத்தினார்.

வெளிச்சம் இன்னும் குறைந்ததும் அவற்றுக்கு எதிர்ப்புக் குறைந்தது. ஒன்று தங்கியது. பக்கத்தில் இன்னொன்று. விடிந்ததும் சித்தி சாக்கை அகற்றிப் பெட்டியைத் திறந்துவிட்டார், முட்டையிட. சாயங்காலம் மறுபடி சாக்கு, மறுபடி தூக்கல். ஒவ்வொரு நாளும் தூக்க வேண்டியவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. ஆனால் தானாக ஏறியது எதுவும் இல்லை.

பிறகு அந்தச் சாயங்காலம். சித்தி சாக்குகளை எடுத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா தடுத்தார். "இன்னைக்கு மூடாத. பாப்போம்."

"நாளைக்கு பேக்கரி அக்கா வருவாங்க. இன்னைக்கு உள்ள படுத்துச்சுன்னா அவ்வளவுதான்."

"தெரியும். ஆனா தெனமும் நாம தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தா அது சீட்டு இல்ல. ஏறணும்னு அதுங்களுக்கே தோணணும்."

சித்தி கொஞ்ச நேரம் சாக்கைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் கீழே போட்டார்.

கண்டக்டர் வந்தது. சாய்வுப் பலகைக்கு முன்னால் நின்றது. தலையை ஆட்டி ஆட்டி உயரத்தை அளந்தது. ஒரு கால் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு, என்னவோ தினமும் இந்த வழியில்தான் வேலைக்குப் போவதுபோல், டக் டக்கென்று ஏறிச் சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, ஜன்னல் ஓரமாகத் திரும்பி, நெஞ்சை இறக்கி உட்கார்ந்துவிட்டது!

அவ்வளவுதான், பின்னாலேயே மொத்த கியூவும். பெட்டிப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. எல்லாம் உட்கார்ந்த பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள். தொண்டைக்குள்ளேயே உருளுகிற மாதிரி, மெல்லிசாக, ஒன்றுக்கொன்று "சரி, சரி" என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. பெட்டிக்குள் படுத்த நாட்களில் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

சித்தப்பா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கோழி கால் மடக்கி உட்கார்ந்ததும் விரல்கள் தாமாகவே மூடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. கண் சொருகித் தூங்கிக்கொண்டிருந்தது. பிடி மட்டும் விடவில்லை.

"தூங்கினாலும் விழாத பயணி" என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூசி" என்றார். எனக்கும் அதே தூசிதான் விழுந்திருந்தது.

மறுநாள் காலை பேக்கரிக்காரம்மா வந்தார். நேரே பெட்டிக்குள் தானே கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். இன்னொன்று. இன்னொன்று. அடியில் இருந்த வைக்கோலை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"கழுவலையே?"

"இல்லக்கா. இப்பதான் போட்டுச்சு, சூடு பாருங்க."

சூடு இருந்தது. அந்தம்மா முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. இதே மாதிரி தெனமும் அனுப்பு. வேற ஆளு கிட்ட நான் இன்னும் பேசவே இல்ல, போ."

சித்தி சூப்பர்வைசருக்கு அங்கேயே நின்று போன் செய்தார். "இல்லைங்க சார், வரல. இங்க எனக்கு உக்காந்து செய்யற வேலை இருக்கு."

உண்மையில் அப்போது அது உட்கார்ந்து செய்கிற வேலையாக இல்லை. முட்டையைத் தரம் பிரிக்க சித்தி நின்றுகொண்டுதான் இருந்தார். சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. மிச்ச மரத்தை எடுத்தார். அடுத்த வாரமே கொட்டகை வாசலில் பெஞ்ச் ஒன்று வந்துவிட்டது. சாய்மானம், கால் வைக்கப் பலகை, முட்டைத் தட்டு வைக்கப் பக்கவாட்டில் இடம். அலமாரியில் இருந்த டிபன் பாக்ஸ் இப்போது தீனி மூட்டைக்குள் கிடக்கிறது. கோழிகளுக்கு அள்ளிப் போட வாகாக இருக்கிறதாம்.

சித்தி பெஞ்சில் உட்கார்ந்து முட்டையைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

"இது டபுள் சீட்டா?"

"ஆமா."

"அப்புறம் என்ன அங்க நிக்கிறீங்க? கம்பில தொங்குற ஆளு மாதிரி."

சித்தப்பா தயங்கினார். கொட்டகைக்குள் கண்டக்டர் கொக்கரித்தது. மெதுவாக வந்தார், கையால் அமுக்கிப் பார்த்தார், உட்கார்ந்தார். சத்தியமாக உட்கார்ந்தார்! நான் போனை எடுத்து போட்டோ பிடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. லேசாக இடம் வலமாக அசைந்து பார்த்தார். சட்டென்று எழுந்து, ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு, சித்தியின் காலடியில் மண்டியிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பொறி உள்ளே வந்தார்.

"என்ன அண்ணி, அண்ணன் மறுபடியும் கால்ல விழுந்துட்டாரா?"

"கை தட்டுங்க" என்றார் சித்தி.

பெஞ்சுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நட்டு லூசா இருக்கு."